ஆட்டுத்தோல் சுற்றிய துப்பாக்கி

அத்தியாயம் 4

டீக் கோப்பையில் ஒரு கொலைகாரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரஞ்சிதா அதைத் தொடவே இல்லை. கோப்பைமேல் அச்சடித்திருந்த கரட்டுச் சடையனின் மூஞ்சியில் வாய் வைத்து டீ குடிக்கிற அளவுக்கு அவளுக்கு இன்னும் புத்தி கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அசிஸ்டென்ட் காளிதாஸ் மட்டும் கோப்பையைத் திருப்பி, சடையன் சுவரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

"டீ மேல நமக்கு என்னக்கா கோவம்" என்றான் அவள் காதோடு.

இடம், திருச்செங்கோடு. இளவழகன் வீட்டு மாடி. அவருடைய போர்வெல் வண்டிகள் ஒடிசாவிலும் ராஜஸ்தானிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, மனுஷன் இங்கே மாடி முழுக்க ஏசி போட்டு, சுவரெல்லாம் கண்ணாடிப் பெட்டி அடித்து, உள்ளே துப்பாக்கிகளை மாட்டி வைத்திருந்தார். ராஜா காலத்துத் துப்பாக்கி, வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி என்றால் பரவாயில்லை. இங்கே இருந்தவை எல்லாம் பேர்போன கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் கையில் வைத்திருந்தவை. எதுவும் சுடாதபடி குழலை அடைத்து, முறைப்படி அனுமதி வாங்கித்தான் வைத்திருக்கிறேன் என்று கேட்காமலே சொன்னார். சொன்னதையே திரும்பவும் சொன்னார்.

பெட்டிக்குப் பெட்டி பித்தளைத் தகடு. தகட்டில் கொலைகாரன் பெயர், ஊர், அதற்குக் கீழே 'எடுத்த உயிர்கள்' என்று ஒரு எண். கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் போடுகிற மாதிரி போட்டிருந்தார். சில பெட்டிகளில் செத்துப்போனவர்களின் போட்டோக்களைப் பழைய பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். மூலையில் வட்ட விளக்கு ஒன்று ஸ்டாண்டில் நின்றது. வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ள வசதியாம். தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது ரஞ்சிதாவுக்கு. கிரானைட் தரை பளபளவென்று இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

சங்ககிரியில் இருபது வருஷம் லாரி இன்ஷூரன்ஸ் கேஸ்களைத் துருவியவள் அவள். எரிந்துபோன லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தால், அது தானாக எரிந்ததா, முதலாளி தீக்குச்சி கிழித்தாரா என்று சொல்லிவிடுவாள். இப்போது டயர்க் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். பழைய துப்பாக்கி ஒன்று அசலா போலியா என்று பார்க்க வேண்டும் என்று இளவழகன் போன் பண்ணியபோது, ஏதோ ஜமீன் வீட்டு வேட்டைத் துப்பாக்கி என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டாள். படியேறிய பிறகுதான் தெரிந்தது.

"இதாம்மிணி நம்ம கோகினூர் வைரம்" என்று இளவழகன் நடுப்பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துகிற மாதிரி அந்தத் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கரட்டுச் சடையன் என்ற பெயரைச் சொன்னால் மேச்சேரிப் பக்கம் இன்றைக்கும் வயசானவர்கள் கதவைச் சாத்துவார்கள். கரடு என்கிற கற்குன்றுகளில் ஒளிந்துகொண்டு, வழிப்பறியும் கொலையுமாகப் பல வருஷம் ஆட்டம் போட்டவன். கடைசியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. பிணம் கிடைத்தது, துப்பாக்கி கிடைக்கவில்லை. அதைத்தான் ஈரோட்டுப் பழம்பொருள் வியாபாரி குமரகுரு எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தந்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து இதே பைத்தியம் பிடித்த சேகரிப்பாளர்கள் நாலைந்து பேர் விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் ரஞ்சிதா கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட் ஒன்று ஃபிரேமுக்குள் தொங்க வேண்டும்.

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியாகப் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற ரகம். பன்றி விரட்ட விவசாயிகள் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது. கட்டை ஒரு காலத்தில் கழுத்தில் விண்டிருக்கிறது. விண்ட இடத்தில் ஆட்டுத்தோலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேச்சேரி ஆட்டின் செம்பழுப்பு மயிர் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் காய்ந்து மரத்தோடு மரமாக இறுகிப்போயிருந்தது.

"இந்தத் தோலுக்குள்ள பாருங்க" என்று இளவழகன் விரலை நீட்டினார். தோலின் மடிப்பில் பச்சையாக ஏதோ மினுங்கியது. "மரகதம். சடையனோட ராசிக்கல்லு. தோலுக்குள்ள வெச்சுக் கட்டிக்கிட்டாத்தான் குறி தப்பாதாம்."

"ராசிக்கல்லு வெச்சும் போலீஸ் குறிதான தப்பல" என்றான் காளிதாஸ்.

இளவழகன் சிரித்தார். கிண்டல் பண்ணினால்கூட அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரஞ்சிதா துப்பாக்கியைக் கவிழ்த்தாள். காளிதாஸின் செல்போன் வெளிச்சத்தை அடிக்கட்டைமேல் சாய்த்துப் பிடித்தாள். மெழுகு போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆனாலும் மெழுகுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் இருந்தது. அதற்கு அடியில் மஞ்சளில் இன்னொரு பழைய எண். மஞ்சள் எண்ணின் வால் நீண்டு போய் ஆட்டுத்தோலின் மேல் ஏறியிருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, ஓட்டுப் போடுகிற பழக்கம் உண்டா என்று இளவழகனைக் கேட்டாள்.

அவர் விழித்தார்.

எலெக்‌ஷன் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கச் சீட்டுக் கட்டுவார்கள். சீட்டு அறுந்துபோய்ச் சண்டை வருகிறது என்று சில ஸ்டேஷன்களில் கட்டையிலேயே பெயிண்டில் எண் போட்டுவிடுவார்கள். இது அப்படிப் போட்ட எண். ஒரு எலெக்‌ஷனுக்குப் போட்டது இல்லை, குறைந்தது இரண்டு எலெக்‌ஷனுக்கு.

காளிதாஸ் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றான். "அப்ப நம்ம சடையன், 'சார், கொஞ்சம் பத்திரமா வெச்சிருங்க, ரிசல்ட்டு வந்ததும் வந்து வாங்கிக்கறேன், ரெண்டு பேரைச் சுட வேண்டியது பாக்கி இருக்குது'ன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போயிருப்பானாட்ட இருக்குதுங்க."

இளவழகனின் முகம் சுண்டிப்போனது. ஒரு நிமிஷம்தான். லைசென்ஸ்காரன் எவனிடமிருந்தாவது சடையன் பிடுங்கியிருப்பான் என்று சமாளித்தார். அப்புறம் செல்போனை எடுத்தார். தன்னிடம் சாட்சி இருக்கிறது, உயிருள்ள சாட்சி, அந்தப் பொம்பளை பொய் சொல்ல மாட்டாள் என்று வீடியோவைப் போட்டார்.

குமரகுரு எடுத்த வீடியோ. சடையன் சுட்டுக் கொன்ற அன்பரசு என்கிற லாரி டிரைவரின் மனைவி வெண்ணிலா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஐம்பதுக்குள்தான் வயசு. கேமராவுக்குப் பின்னாலிருந்து குமரகுருவின் கை வருகிறது, சாக்கிலிருந்து துப்பாக்கியை உருவி அவள் மடியில் வைக்கிறது. 'இதுதானாம்மா? கேமராவப் பாத்துச் சொல்லும்மா. எம் புருசனக் கொன்ன துப்பாக்கி இதுதான்னு சொல்லும்மா.' அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அவள் கை தோல் சுற்றிய இடத்துக்குப் போகிறது. துப்பாக்கியைத் திருப்புகிறாள். கட்டைவிரல் தோலின் மடிப்பைத் தடவிக்கொண்டே போகிறது, ஒரு இடத்தில் நிற்கிறது. அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அடிபட்ட ஆடு கத்துகிற மாதிரி இருந்தது.

"இந்த எடத்துல எனக்குப் புல்லரிக்கும்" என்று இளவழகன் அதைத் திரும்பப் போட்டார்.

கட்டின புருஷனைக் கொன்ற பொருளை அவள் மடியிலேயே வைத்து, சொல்லு சொல்லு என்று பிடுங்கி எடுத்திருக்கிறான் ஒருத்தன். அதைப் பார்த்துப் புல்லரிக்கிறது இன்னொருத்தனுக்கு. இவர்களோடு ஒரே அறையில் மூச்சு விடுவதே பாவம் என்று தோன்றியது. ஆனால் அந்த வீடியோவில் ஒன்று அவளை விடவில்லை. சொல்லிக் கொடுத்து நடிக்கிறவளாக இருந்தால் குழலைப் பார்ப்பாள், கேமராவைப் பார்ப்பாள். வெண்ணிலாவின் கட்டைவிரல் எதையோ தேடிப் போய்க் கண்டுபிடித்தது. அந்தப் பச்சை மினுக்கு இருக்கிற இடத்தை.

அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வந்து சர்ட்டிபிகேட் விஷயம் சொல்கிறேன் என்றாள். துப்பாக்கியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது, முடிந்தால் அந்தம்மாவோடு இன்னொரு வீடியோ எடுத்து வாருங்கள், இந்தத் தடவை வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று இளவழகன் மேலிருந்து சொன்னார்.

எடப்பாடி தாண்டுகிற வரைக்கும் ரஞ்சிதா துப்பாக்கிப் போட்டோக்களையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். காளிதாஸ்தான் ஜீப்பை ஓட்டிக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். போர்வெல் ரிக் வண்டியில் ஆறு வருஷம் ஊர் ஊராகப் போனவன், பேசாமல் இருந்தால் தூங்கிவிடுவான்.

"துப்பாக்கி போலி, அழுகை அசல். இது எப்படிக்கா? நம்ம ஊர்ல அழுகைதான போலியா இருக்கும்."

"துப்பாக்கி போலின்னு நான் எப்ப சொன்னேன்" என்றாள் ரஞ்சிதா. "சடையனோடது இல்லைன்னுதான் சொன்னேன்."

அவன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். அப்புறம் தாளத்தை நிறுத்தினான்.

வெண்ணிலாவின் காடு, அதாவது வீடும் விளைநிலமும், மேச்சேரிக்குக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ஓட்டு வீட்டை ஒட்டி ஒரு பட்டி, அதில் ஏழெட்டு ஆடுகள். காட்டுக்கு நடுவில் கிணறு. சுற்றுவட்டத்தில் எல்லாம் வறண்டு கிடக்க, இந்தக் கிணற்றைச் சுற்றி மட்டும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ரோட்டோரம் ஒரு பயணிகள் நிழற்கூடம். 'சடையனால் உயிர்நீத்த அன்பரசு நினைவாக, அன்பளிப்பு: செங்கோடன்' என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது.

வெண்ணிலா நல்ல சேலை கட்டி, தலை சீவி, கிளம்பத் தயாராக இருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இனிமேல் யாரும் வீடியோ எடுக்க வேண்டாம், போய்விடுங்கள் என்று கும்பிட்டாள். ரஞ்சிதா தன் செல்போனை அணைத்து அவள் கையிலேயே கொடுத்தாள். வீடியோ எடுக்க வரவில்லை, எடுத்தவன்மேல் கோபப்பட்டு வந்திருக்கிறேன் என்றாள். அது உண்மை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். வெண்ணிலா பாயை எடுத்துப் போட்டாள்.

உள்ளே மகள் சௌமியா ஒரு பையில் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாமக்கல்லில் பார்மசி படிக்கிற பெண். இன்றைக்குக் காட்டை எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று அவளே சந்தோஷமாகச் சொன்னாள். வாங்குவது வெளியாள் இல்லை, பெரியப்பாதான். நிழற்கூடம் கட்டிய அதே செங்கோடன். அன்பரசுவுக்குப் பங்காளி வழியில் அண்ணன். அப்பா இருந்தபோதே கேட்டார், அப்பா கொடுக்க மாட்டேன் என்றாராம். அம்மாவும் இத்தனை வருஷம் பிடிவாதமாகத்தான் இருந்தாள். ஆனால் பெரியப்பா ஒரு நாளும் முகம் கோணியதில்லை. காலேஜில் சேர்த்ததுகூட அவர்தான். இப்போது கார் வந்துவிடும், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அவரே கூட்டிப் போகிறார். சொல்லிவிட்டு அவள் ஆடுகளுக்குத் தழை போடப் பட்டிப் பக்கம் போனாள்.

ரஞ்சிதா காளிதாஸைப் பார்த்தாள். வியாபாரி குமரகுருவைப் போனில் பிடி, துப்பாக்கி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கு என்றாள். அவன் ஜீப்புக்குப் போனான்.

பிறகு வெண்ணிலாவிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்தத் தோலுக்குள்ள பச்சையா ஒண்ணு இருக்குதே. அது என்னதுங்க?"

வெண்ணிலா தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ற வளையலுங்க" என்றாள்.

சௌமியா அப்போது வயிற்றில் ஏழு மாசம். அதற்கு முந்தின வாரம் கர்ப்பிணிக்கு வைக்கிற கட்டுச்சோத்து விருந்துக்கு அம்மா வீட்டில் இரண்டு கை நிறையப் பச்சை வளையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குள் நோம்பி விருந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயத் திரும்பி நடந்து வந்தார்கள். ஓடைக்குப் பக்கத்தில் கம்பளியை முக்காடு போட்டு மூஞ்சியை மறைத்துக்கொண்டு ஒருத்தன் வழியில் நின்றான். 'நாந்தாண்டா கரட்டுச் சடையன்' என்று கரகரத்த குரலில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிட்டான். அன்பரசு விழுந்தான். மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் வெண்ணிலா பாய்ந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். இழுத்த இழுப்பில் வளையலெல்லாம் நொறுங்கியது. அவன் அவளை உதறித் தள்ளிவிட்டு இருட்டுக்குள் ஓடிப்போனான்.

"நான் புடிச்ச எடம் வழவழன்னு ஈரமா இருந்துச்சுங்க. பச்சத் தோலு. கையெல்லாம் அந்த நாத்தம். வளையல் ஒண்ணு ஒடஞ்சு அதுக்குள்ள ஏறுனது எனக்கு நல்லாத் தெரியும், என்ற கையும் கிழிஞ்சுது பாருங்க. போலீஸ்லயும் சொன்னேன். சடையன் காட்டுல ஆடு திருடித் திங்கறவன், நாறத்தான் செய்வான்னுட்டாங்க."

ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டாள். மரகதமாம். ராசிக்கல்லாம். ஏழு மாசக் கர்ப்பிணியின் உடைந்த வளையலுக்கு அந்த ஆள் பித்தளைத் தகடு அடித்து வைத்திருக்கிறான்.

ஈரத்தோல் இரண்டு வெயில் கண்டால் காய்ந்து இரும்பாகிவிடும். ஆடு வளர்க்கிறவர்கள் எது விண்டாலும் பச்சைத் தோலால்தான் கட்டுவார்கள், காயும்போது அதுவே இறுக்கிக்கொள்ளும். அப்படியானால் அந்தத் தோல் கொலை நடந்த அன்றைக்குக் கட்டியது. எலெக்‌ஷன் பெயிண்ட் அந்தத் தோலின்மேல் ஏறியிருக்கிறது. கொலைக்குப் பிறகுதான் அந்தத் துப்பாக்கி லைசென்ஸோடு, மரியாதையாக ஸ்டேஷனுக்குப் போய் வந்திருக்கிறது. சடையன் பிடுங்கியிருந்தால் அது எப்படி ஸ்டேஷனுக்குப் போகும்? ஊரே கரட்டில் சடையனைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆளைக் கொன்ற துப்பாக்கியை அதன் சொந்தக்காரன் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் போலீஸ்காரர் கையிலேயே கொடுத்து வாங்கியிருக்கிறான். இதைப் புரிந்துகொண்டபோது ரஞ்சிதாவுக்குச் சிரிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தன.

மிச்சம் ஒரே கேள்விதான். அன்றைக்கு ஊரில் யார் யார் வீட்டில் கிடா வெட்டினார்கள் என்று கேட்டாள்.

வெண்ணிலா யோசிக்காமல் பதில் சொன்னாள். நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் இந்த ஊரில் ஒரு வீட்டிலும் கறி வேகாது. கறிக்கடைகூடத் திறக்காது. நோம்பி அன்றைக்கு முதல் கிடா வெட்டுகிற உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் மறுநாள்தான் வெட்ட முடியும். அந்த முதல் கிடா விருந்துக்குத்தான் தாங்கள் போய்விட்டு வந்தது...



அவள் கண் ரோட்டோரத்து நிழற்கூடத்துக்குப் போனது. அங்கேயே இருந்தது.

"மொதக் கிடாத் தோலு கோயிலுக்குச் சேரோணுங்க" என்றாள் வெண்ணிலா. குரல் அவளுடையதாகவே இல்லை. "அந்த வருசம் தோலு ஒரு பக்கம் வார் வாரா அறுந்திருக்குதுன்னு கோயில்ல பேச்சு வந்துச்சு. நாய் இழுத்திருச்சுன்னு சொல்லி எங்கூட்டுக்காரரோட அண்ணன், மச்சாண்டார்தான், அவராதம் கட்டுனாருங்க. எங்க ஊட்டுல எழவு கெடந்ததால யாரும் அதப் பெருசு பண்ணல."

காளிதாஸ் ஜீப்பிலிருந்து வந்தான். வழக்கமாக ஏதாவது நக்கலோடுதான் வருவான். இப்போது செருப்பைக்கூடச் சத்தம் இல்லாமல் கழற்றிவிட்டு வந்து குந்தினான். குமரகுரு முதலில் சடையனின் கூட்டாளி, காட்டுக் குகை என்று அளந்திருக்கிறான். கொலைக் கேஸில் உன்னையும் சேர்ப்பார்கள் என்றதும் உண்மையைக் கக்கிவிட்டான். போன பொங்கலுக்கு மேச்சேரிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வீட்டம்மா பழைய அண்டா, விளக்கு, சாமானோடு சேர்த்து அந்தத் துப்பாக்கியையும் தள்ளிவிட்டாள். சும்மா நாட்டுத் துப்பாக்கியை யார் வாங்குவார்கள் என்று குமரகுரு அதற்குச் சடையன் பெயரை ஒட்டினான். பக்கத்தில் சடையனிடம் புருஷனைப் பறிகொடுத்தவள் யார் என்று விசாரித்தான். அழச்சொல்லி வீடியோ எடுத்தான். அந்தம்மா என்னமாய் நடிச்சாங்க என்று இப்போதும் வியக்கிறானாம்.

"யாரு ஊடு?" என்றாள் ரஞ்சிதா, தெரிந்துகொண்டே.

"செங்கோடன்னு பேரு சொன்னானுங்க்கா."

பாயில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா அசையவில்லை. இந்தக் கிணற்றுக்காகவா என்று கேட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, சும்மா கேட்டாள். இருபது சொச்சம் வருஷம் அவர் கொண்டுவந்து கொடுத்த தீபாவளிச் சேலையைக் கட்டியிருக்கிறேனே என்றாள். நினைவு நாளுக்கு நினைவு நாள் அவர் கையால் மாலை போட விட்டேனே என்றாள். அப்புறம் எழுந்து பின்பக்கம் போனாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ரஞ்சிதா தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வெண்ணிலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ரஞ்சிதா முதலில் சேலத்தில் தனக்குத் தெரிந்த டி.எஸ்.பி. மலர்விழியைக் கூப்பிட்டு நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். உடனே ஆள் அனுப்புகிறேன், அதுவரை அந்த ஆளுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள் என்றார் மலர்விழி. அடுத்து இளவழகன். துப்பாக்கியை யாரும் தொட வேண்டாம், போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும், அது சடையனுடையது இல்லை, ஆனால் அன்பரசுவைக் கொன்றது அதுதான், சுட்டவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், மரகதம் அந்தம்மாவின் வளையல் துண்டு என்றாள்.



"அப்ப அசல்தான்னு சொல்லுங்க" என்றார் இளவழகன். குரலில் உற்சாகம் பொங்கியது. "கேசு முடிஞ்சதும் நமக்கே திரும்பக் கெடைக்குமுங்களா? வளையல் துண்டுன்னா இன்னும் விசேசமாச்சே. கொன்னவன் உசுரோட வேற இருக்கறான். தகட்ட மாத்தி அடிச்சுக்கலாம்."

வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வரும் என்று ரஞ்சிதாவுக்கே பயமாக இருந்தது. போனைக் கட் பண்ணி, அந்த எண்ணையே அழித்தாள். போன் பட்ட கன்னத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அப்போது ரோட்டில் ஹாரன் கேட்டது.

வெள்ளைக் கார் ஒன்று ரோட்டிலிருந்து காட்டுக்குள் திரும்பி, கிணற்றுக்கு நேராக வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. செங்கோடன் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டியிலிருந்து சௌமியா கையைக் கழுவிக்கொண்டு, பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவர் ஏதோ கேட்டார், அவள் சிரித்தாள்.

போலீஸ் வருகிற வரைக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லி நேரத்தைக் கடத்தலாம் என்றாள் ரஞ்சிதா. காளிதாஸ் போய் ஜீப்பை எடுத்து, வண்டியைத் திருப்புகிறவன் மாதிரி முன்னேயும் பின்னேயும் விட்டு, காருக்குப் பின்னால் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். கார் மூக்குக்கு முன்னால் கிணற்றுமேடு. இனி அது எங்கேயும் போக முடியாது.

வெண்ணிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்க்க நடந்தாள். ரஞ்சிதா கூடவே போனாள்.

"நேரமாச்சு அம்மிணி, ராகு காலத்துக்கு முந்திப் போயிரலாம். பின்னால ஏறிக்க" என்றார் செங்கோடன் ஜன்னல் வழியாக. இது யாரு என்று ரஞ்சிதாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

வெண்ணிலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. காரின் முன்னால் சுற்றிக்கொண்டு போய் மகள் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கு சாமி."

"ஏம்மா? பத்திரமெல்லாம் எடுத்துக்கிட்டேன்."

"எறங்கு. உங்கப்பனச் சுட்டவன் வண்டில நீ உக்காராத."

சௌமியா முதலில் சிரித்தாள். அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்து புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பாள். செங்கோடன் பக்கம் திரும்பி, பாருங்க பெரியப்பா என்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். கோபப்படுவார், அதட்டுவார், அம்மாவைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சௌமியா அவர் முகத்தைப் பார்த்தபடியே, பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, காரை விட்டு இறங்கினாள்.